களமே சப்பாத்தின் தாய்

தீபாவளிக்கு முந்திய நாள் மாலை பதுளை பஸ் தரிப்பிடத்தில் நின்றால், கொழும்பில் கடைவேலை பார்க்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் பையும் பலகாரப் பெட்டியுமாக இறங்குவதைக் காணலாம். பலருடைய கால்களில் கணுக்காலை மூடிய, சிவப்பும் கறுப்பும் கலந்த சப்பாத்து. புறக்கோட்டையில் பேரம்பேசி வாங்கியது. அந்தக் கூடைப்பந்துச் சப்பாத்தின் வடிவம் 1985ஆம் ஆண்டுக்குரியது. நாற்பது ஆண்டு கடந்தும் அது பசறைக்கும் மடுல்சீமைக்கும் பஸ் ஏறுகிறதென்றால், அதற்குப் பின்னால் ஒரு மரபு இருக்கிறது. விளையாட்டு மலர் ஒன்றில் அதன் வரலாற்றைச் சொல்லிவைப்பது பொருத்தம்.

கூடைப்பந்துச் சப்பாத்தில் மூன்று பள்ளிகள் உண்டு. முதலாவது கன்வஸும் இறப்பரும். அமெரிக்காவின் கொன்வர்ஸ் நிறுவனம் 1917இல் ‘ஓல் ஸ்டார்’ சப்பாத்தை வெளியிட்டது. சக் டெய்லர் என்ற ஆட்டக்காரர் ஊர் ஊராகப் போய் ஆட்டம் பழக்கி, அதையும் பரப்பினார். பிறகு அவர் பெயரே அதில் ஏறியது. மெல்லிய அடி, துணி மேல்பாகம், எடை குறைவு. வெண்கட்டி தேய்த்து வெளுப்பாக்கிய கன்வஸ் சப்பாத்தோடு பள்ளி இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடியவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் சாயல் தெரியும்.

இரண்டாவது தோல் பள்ளி. 1969இல் வந்த அடிடாஸ் ‘சுப்பர்ஸ்டார்’ கால்விரல் முனைக்குச் சிப்பி போன்ற இறப்பர் கவசம் பூட்டியது. நியூயோர்க் அணியின் வோல்ட் பிரேசியருக்காகப் பூமா ‘கிளைட்’ செய்தது. மூன்றாவது காற்றுப் பள்ளி. 1982இல் புரூஸ் கில்கோர் வடிவமைத்த நைக்கியின் ‘எயர் போர்ஸ் 1’ அடிப்பாகத்துக்குள் காற்றுறை வைத்தது. 1985இல் ‘எயர் ஜோர்டன்’ வந்தது. பதுளையில் பஸ் இறங்கும் சிவப்பு கறுப்பு இதன் நகல்தான்.

இவற்றைச் சோதித்துப் பார்த்தது தெரு. நியூயோர்க்கின் ஹார்லெமில் பூங்காத் திணைக்களத்தில் வேலை பார்த்த ஹொல்கொம் ரக்கர், ஏழைப் பிள்ளைகளைத் தெருவிலிருந்து மீட்கப் பந்தாட்டத் தொடர் நடத்தினார். இன்று அவர் பெயரைத் தாங்கும் மைதானத்தில் பெரும் தொழில்முறை வீரர்களும் தெருப் பிள்ளைகளோடு மோதினார்கள். தார்த்தளம் அடியை அரத்தைப்போல் அராவும். அங்கே தாக்குப்பிடித்ததே நல்ல சப்பாத்து. ‘எயர் போர்ஸ் 1’ஐ நிறுவனம் நிறுத்த இருந்தபோது, பால்டிமோர் நகரக் கடைக்காரர்கள் சிலர் கேட்டு வாங்கி மீண்டும் செய்யவைத்தார்கள். பழைய வடிவங்களை மறுபடி வெளியிடும் வழக்கத்துக்கு அது ஒரு பெரிய தொடக்கம்.

தரம் பார்க்க விளம்பரம் வேண்டாம். சப்பாத்தைக் கவிழ்த்தால் போதும். அடியில் மீன்முள் போன்ற வரி ஓடவேண்டும். திடீரென நிற்கும்போது தளத்தைக் கவ்வுவது அந்த வரிதான். மேல்பாகமும் அடியும் சேருமிடத்தில் தையல் சுற்றிவர ஓடுகிறதா, வெறும் பசைதானா என்று பார்க்கவேண்டும். ஆடித் தேய்ந்த சப்பாத்தில் பெருவிரல் மேட்டின் கீழ் ஒரு வட்டம் வழுவழுப்பாக இருக்கும். ஒரு காலை ஊன்றி மறுகாலால் சுழன்று சுழன்று விழுந்த வட்டம் அது. எந்தப் பாதத்தில் வட்டம் ஆழமோ, ஆட்டக்காரர் ஊன்றியது அந்தக் காலை. கடையில் கிடைக்காத முத்திரை இது ஒன்றுதான்.

இந்த ஆட்டம் நமக்குத் தொலைவானதல்ல. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாக இறங்கும் வீதி மட்டக்களப்புக்குப் பக்கத்தில் செங்கலடியில் முடிகிறது. அந்த மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர்கள் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார். ஹரல்ட் வெபர் அடிகளின் பெயரில் அங்கே விளையாட்டரங்கு இருக்கிறது. பயிற்றுநராக இருந்த யூஜின் ஹெபர்ட் அடிகள் 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, போர்ச் சூழலில் பயணம் புறப்பட்டுக் காணாமற்போனார். அவர் வளர்த்த ஆட்டம் காணாமற்போகவில்லை.

ஹார்லெமில் ஒரு பூங்கா ஊழியர், மட்டக்களப்பில் குருமார். இரண்டு இடத்திலும் களம் முதலில் வந்தது, சப்பாத்து பின்னால் வந்தது. நம் மலையில் மட்டும் சப்பாத்து முந்திவிட்டது. வொலிபோல் வலை கட்டிய பெரட்டுக்களங்கள் நம் தோட்டங்களில் ஏராளம். கூடைப்பந்து வளையம் காண்பது அரிது. தலைமுறைகளாக வெறுங்காலோடு கொழுந்துக் கூடை சுமந்து ஏறிய மக்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். ஆசைப்பட்டு வாங்கிய நல்ல சப்பாத்துக்கு நல்ல தளமும் அவர்களுக்கு உரியது.

பாதித் தளத்துக்கு 15 மீற்றர் அகலமும் 14 மீற்றர் நீளமும் போதும். பெரட்டுக்களத்தின் ஒரு பக்கத்தில் சீமெந்து பூசி, 3.05 மீற்றர் உயரத்தில் ஒரு வளையம் நட்டுவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். தோட்ட நிர்வாகமும் பழைய மாணவரும் கைகோத்தால் முடியாத செலவல்ல. அடுத்த தீபாவளிக்கு வரும் பிள்ளை சப்பாத்தைப் பெட்டிக்குள் பூட்டிவைக்காமல் அந்தத் தளத்தில் இறங்கட்டும். பெருவிரல் மேட்டின் கீழ் அந்த வட்டம் விழும் நாளில் புறக்கோட்டைச் சப்பாத்து நம் தோட்டத்துச் சப்பாத்தாகிவிடும்.