இலையுதிர் கால வினாக்களும் முதியோர் மூளையும்

கோழி முட்டை ஒன்றை மேசைமேல் செங்குத்தாக நிறுத்த முடியுமா? ஆண்டில் இரண்டே நாள்களில்தான் முடியும். அவை பகலும் இரவும் சமமாகும் நாள்கள் என்று அமெரிக்காவில் ஒரு பரவலான நம்பிக்கை உண்டு. வாசகர்கள் அடுக்களையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து இன்றே சோதித்துப் பார்க்கலாம். பொறுமையும் நடுங்காத கையும் இருந்தால் எந்த நாளிலும் நிற்கும். ஓட்டின் மேலுள்ள நுண்ணிய மேடுகளில் மூன்று மேசையைத் தொட்டு, முட்டையின் ஈர்ப்பு மையம் அம்மூன்றுக்கும் நடுவே நேர் மேலாக அமைந்தால் போதும். கதிரவன் வானில் எங்கே இருக்கிறான் என்ற செய்தி முட்டைக்கு எட்டுவதில்லை.

முட்டையில் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. செப்டம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் முதியோர் இல்லங்களிலும் ஊர் நூலகங்களிலும் இலையுதிர் கால வினாடி வினாத் தாள்கள் வலம்வரத் தொடங்கும். பெரிய எழுத்து, ஓரத்தில் பரங்கிக்காய்ப் படம், சிவந்த மேப்பிள் இலை, கலைந்த எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் விளையாட்டு, கடைசிப் பக்கத்தில் விடைப்பட்டியல். இவையெல்லாம் மூளைக்குப் பயிற்சி, நினைவாற்றலைக் காக்கும் வழி என்ற வாக்குறுதியும் தலைப்பிலேயே இருக்கும். பொழுதுபோக்காக இவற்றின்மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. நாலு பேர் கூடிச் சிரிக்க ஒரு தாள் உதவுமானால் நல்லதுதான். ஆனால் அறிவியலின் பெயரையும் மருத்துவத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லும்போது, இரண்டையும் உரைத்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

முதலில் விடைப்பட்டியலைப் பார்ப்போம். செப்டம்பர் 22 அல்லது 23ஆம் நாள் பகலும் இரவும் சரிசமம் என்பது வழக்கமான விடை. உண்மையில் அன்று நியூயார்க்கில் பகற்பொழுது 12 மணி நேரத்தைவிட ஏறத்தாழ 8 நிமிடம் நீண்டிருக்கும். கதிரவனின் மேல் விளிம்பு தென்பட்டதுமே உதயம் என்கிறோம். மேல் விளிம்பு மறைந்தால்தான் அத்தமனம் என்கிறோம். அதோடு வளிமண்டலம் ஒளியை வளைத்து, அடிவானத்துக்குக் கீழே இருக்கும் கதிரவனையும் மேலே தூக்கிக் காட்டுகிறது. இரண்டும் சேர்ந்து பகலுக்கு இனாமாகச் சில நிமிடங்களைத் தருகின்றன. பகலும் இரவும் உண்மையில் சமமாவது அதற்குச் சில நாள்கள் கழித்தே.

அடுத்தது இலையின் நிறம். உறைபனி விழுவதால் இலை சிவக்கிறது என்பது இன்றும் பலர் நம்பும் விடை. இரவு நீளத் தொடங்கியதும் மரம் தன் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, இலையிலிருக்கும் நைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும், கோடை முழுவதும் அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறக் கரோட்டினாய்டுகள் வெளியே தெரிகின்றன. சிவப்பின் கதை வேறு. அந்நிறம் தரும் ஆந்தோசயனினில் பெரும்பகுதியை இலை தன் கடைசி நாள்களில், தன்னிடம் தேங்கிய சர்க்கரையைக் கொண்டு புதிதாக ஆக்குகிறது. வெயில் நிறைந்த பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் அதற்கு ஏற்றவை. கடும் உறைபனி விழுந்தால் இலை மடிந்து பழுப்பாகிவிடும். வெர்மாண்ட் மாநிலத்தில் அறுபது ஆண்டுகள் மேப்பிள் மரங்களின் நடுவே வாழ்ந்த ஒரு முதியவர், “உறைபனிக்கு முன்பே இலை சிவந்து நான் பார்த்திருக்கிறேனே” என்று சொல்வதாக எண்ணிப் பாருங்கள். விடைப்பட்டியலைக் கையில் வைத்திருக்கும் இளம் பணியாளர் “தவறு, ஐயா” என்று புன்னகையோடு சொல்லிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். கண்ணால் கண்டவர் தம் நினைவைத்தான் சந்தேகிப்பார். மறதி வந்துவிடுமோ என்று ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருப்பவருக்கு இது சிறிய அடியன்று.

வினாத்தாள் தயாரிப்பது என் தொழிலின் ஒரு பகுதி. தவறான விடையோடு தாள் அச்சாகி, மாணவன் எழுந்து சுட்டிக்காட்டி, நான் தலைகுனிந்ததும் உண்டு. மாணவனுக்கு மறுமதிப்பீடு இருக்கிறது. முதியோர் இல்லத்துக் கூடத்தில் அது இல்லை.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளுகிறார்கள். இக்கோடை நேர முறையைக் கண்டவர் யார் என்று கேட்டு, பெஞ்சமின் பிராங்க்ளின் என விடை தருவது இன்னொரு வழக்கம். அவர் 1784இல் பாரிஸ் இதழொன்றுக்கு எழுதியது ஒரு கேலிக் கடிதம். மக்கள் விடியலில் எழுந்தால் மெழுகுவர்த்திச் செலவு மிஞ்சும் என்றார், அவ்வளவே. கடிகாரத்தையே நகர்த்தலாம் என்று 1895இல் முன்மொழிந்தவர் நியூசிலாந்தின் ஜார்ஜ் ஹட்சன். பூச்சி ஆய்வாளரான அவருக்கு வேலை முடிந்தபின் பூச்சி தேட வெளிச்சம் வேண்டியிருந்தது. இதுவன்றோ சுவையான விடை!

இனி மருத்துவ வாக்குறுதி. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அறிவுத்திறனை இரண்டாகப் பிரித்தார். சொல்வளமும் உலக விவரங்களும் போலச் சேர்ந்து உறைந்த அறிவு ஒன்று. புதிய சிக்கலை அப்போதைக்கப்போது அவிழ்க்கும் திறன் மற்றொன்று. முதுமையில் பின்னது முன்னதாகவே தளர்கிறது. முன்னது நெடுங்காலம் நிலைக்கிறது. பரங்கிக்காயில் முகம் செதுக்கும் பண்டிகை எது என்று அமெரிக்கப் பாட்டி ஒருவரிடம் கேட்பது, அவரிடம் உறுதியாக இருப்பதையே மீண்டும் தட்டிப் பார்ப்பதாகும். அதை எப்படிப் பயிற்சி என்பது? அதே வினாவை நொடிக் கணக்கு வைத்துக் கேட்டாலோ, அறிவுக்குப் பதில் வேகத்தை அளக்கிறோம். வயதோடு குறைவது அந்த வேகம்தான்.

முறையான பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ‘ஆக்டிவ்’ என்னும் அமெரிக்க ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேர் பங்கேற்றனர். நினைவு, பகுத்தாய்வு, பார்வை வேகம் என மூன்று வகைப் பயிற்சிகள். 2002இல் வெளியான முடிவுப்படி, எதில் பயிற்சி பெற்றார்களோ அதில் முன்னேறினார்கள். மற்றதற்கு அப்பலன் தாவவில்லை. நீச்சல் பழகியவன் நீந்துவான். அதனால் மரமேற வந்துவிடாது. 2010இல் ‘நேச்சர்’ இதழில் வந்த, 11,430 பேர் ஆறு வாரம் கணினியில் பயின்ற ஆய்வும் இதையே கண்டது. ஆனால் அதில் பங்கேற்றோர் 60 வயதுக்கு உட்பட்டவர்கள். மாறாக, ‘ஆக்டிவ்’ ஆய்வில் வேகப் பயிற்சி பெற்ற பிரிவினரிடம் பத்தாண்டுகளில் மறதிநோய் குறைந்திருந்ததாக 2017இல் ஒரு கட்டுரை வந்தது. அதையும் மறைக்கக்கூடாது. ஆயினும் அது திரையில் தோன்றி மறையும் பொருள்களைப் பிடிக்கும் பயிற்சி. இலையுதிர் கால வினாத்தாளுக்கு அந்தப் புகழில் பங்கில்லை. 2016 ஜனவரியில் ‘லூமாசிட்டி’ என்னும் மூளை விளையாட்டை விற்ற நிறுவனம், முதுமை மறதியைத் தடுக்கும் என்பன போன்ற ஆதாரமற்ற விளம்பரங்களுக்காக அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் 20 லட்சம் டாலர் செலுத்தி உடன்பட்டது. கணினி விளையாட்டுக்கே இந்த நிலை.

வேறொன்றையும் கவனிக்க வேண்டும். மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலலாம் என்று ‘லான்செட்’ இதழின் குழு 2024இல் மதிப்பிட்டது. அது பட்டியலிட்ட 14 காரணங்களில் செவிக்குறை, பார்வைக்குறை, உயர் இரத்த அழுத்தம், தனிமை ஆகியவை உண்டு. கூடத்தின் ஒரு மூலையில் நின்று ஒருவர் வேகமாக வினாவைப் படிக்கிறார். பின்வரிசையில் இருப்பவர் பேசாமலிருக்கிறார். அவர் மறந்துவிட்டார் என்று முடிவு கட்டுமுன், அவருக்கு வினா காதில் விழுந்ததா என்று பார்க்க வேண்டாமா?

என்னைக் கேட்டால், அதே இலையுதிர் காலத்தில் நல்ல வினாக்களுக்குப் பஞ்சமே இல்லை. அறுவடை நிலா என்று அவர்கள் அழைக்கும் முழுநிலாவை எடுத்துக்கொள்வோம். மற்ற முழுநிலாக்களைவிடப் பெரியது என்பதால் அதற்குத் தனிப்பெயர் வரவில்லை. நிலவு நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து உதிக்கும். செப்டம்பர் இறுதியை ஒட்டிய முழுநிலாவின்போது, வடக்கே உள்ள அந்நாடுகளில் நிலவின் பாதை அடிவானத்தோடு மிகச் சிறு கோணமே அமைப்பதால், அத்தாமதம் 30 நிமிட அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பல மாலைகளில் பொழுது சாய்ந்த கையோடு நிலா வந்து உழவர்க்கு விளக்குப் பிடித்தது. இதைத் தாளில் கேட்பதைவிட, தொடர்ந்து மூன்று மாலை சன்னலருகே உட்கார்ந்து உதய நேரத்தைக் குறித்து வாருங்கள் என்று முதியோரிடம் சொல்லலாம். குறிப்பதும் கழிப்பதும் காரணம் தேடுவதும் அங்கே உண்டு. பக்கத்து நாற்காலிக்காரரோடு வாக்குவாதமும் வரும்.

இன்னொரு வினாவையும் நான் அத்தாளில் சேர்ப்பேன். 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ‘ஸ்புட்னிக்’ செயற்கைக்கோளை ஏவியது. அன்று பள்ளிப் பிள்ளைகளாக இருந்த அமெரிக்கர்கள் பலர் அந்த வாரங்களில் பெற்றோரோடு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். மறு ஆண்டே இயற்றப்பட்ட சட்டத்தால் கிடைத்த கடனில் கல்லூரிக்குப் போனவர்களும் அத்தலைமுறையில் உண்டு. “அன்று நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள்? மாலையிலா, விடியலிலா?” என்று கேட்டால் விடைப்பட்டியலே வேண்டியதில்லை. பிறகு மெல்ல அடுத்ததைக் கேட்கலாம்: “நள்ளிரவில் ஏன் தெரியவில்லை?” பார்ப்பவர் இருளிலும் பறக்கும் பொருள் வெயிலிலும் இருக்கும் நேரம் பெரும்பாலும் அந்த இரண்டுதான். அவர்களுள் பெரும்பாலோர் பார்த்தது ஸ்புட்னிக்கை அன்று. 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்தச் சிறு கோளம் வெறுங்கண்ணுக்கு மிக மங்கலானது. அதைச் சுமந்து சென்று, தானும் கூடவே புவியைச் சுற்றிவந்த ராக்கெட்டின் பெரிய உடல்தான் அவ்வளவு பளிச்சென்று கடந்து போயிற்று.