பழைய எழுத்துருவை நீக்கும் முன்...



2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய கணினிகளைச் சுத்தம் செய்யத் தொடங்கியிருப்பீர்கள். "பயன்படாத பழைய எழுத்துருக்களை நீக்கிவிடுங்கள்" என்பது எல்லாரும் சொல்லும் அறிவுரை. சரிதான், ஆனா பாதிதான்.

சுங்கை சிப்புட்டில், எங்கள் பாடக்குழுவின் கணினியில் நானே அந்தத் தவற்றைச் செய்தேன். பாமினி எழுத்துருவை நீக்கினேன். மறுநாள் எஸ்.பி.எம். பயிற்சித் தாள்களைத் திறந்தால் ஒரே ஆங்கிலக் கிறுக்கல்! "கோப்பு கெட்டுப் போச்சு, அழிச்சிடலாம்" என்றார் ஒரு நண்பர். நல்லவேளை, அழிக்கவில்லை.

உண்மையில் கோப்பு கெடவில்லை. பாமினியில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்த்தப்பட்டுள்ளன. நாம் 'அம்மா' என்று பார்ப்பது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே இருக்கும். எழுத்துருவைத் திரும்ப நிறுவினால் தமிழும் திரும்பிவிடும்.

அப்படியானால் பழையதையே வைத்துக்கொள்ளலாமா? கூடாது. அந்தத் தாளை மாணவர் கைப்பேசியில் திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடினாலும் கிடைக்காது. ஒருங்குறியில் தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட தனித்தொகுதி இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே வரிசை முக்கியம்: முதலில் நகல் எடுங்கள், அடுத்து ஒருங்குறிக்கு மாற்றுங்கள், பிறகு சரிபாருங்கள், கடைசியில்தான் நீக்குங்கள்.

மாற்றிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மூன்று இடங்களில் அவை சறுக்கும்.

ஒன்று, கோப்பு எந்தக் குறியாக்கம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். பாமினியா, திஸ்கியா? வேர்டில் ஒரு வரியைத் தெரிவு செய்தால் எழுத்துருவின் பெயர் மேலே தெரியும். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் இருக்கும்.

இரண்டு, பாமினித் தாளை முழுசாக மாற்றினால் தலைப்பில் உள்ள மலாய் வரிகளும் பொருளற்ற தமிழாகிவிடும். தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள்.

மூன்று, துணைக்காலை அடித்து மேலே புள்ளி வைத்து 'ர்' ஆக்கிய தட்டச்சர்கள் உண்டு. கொம்பு வரும் எழுத்துகளிலும் கவனம் தேவை. பாமினியில் 'கெ' என்பதற்குக் கொம்பு முதலில், ககரம் பிறகு; ஒருங்குறியில் தலைகீழ். சந்திப்பிழைக் கேள்வியில் இப்படி ஒரு பிழை புகுந்தால், மாணவர் அதையே விடையாக எழுதுவார். குற்றம் அவருடையதா?

"விசைப்பலகை மாறிடுமே" என்று தயங்கும் மூத்த ஆசிரியர்களே, பழைய தட்டச்சு முறையிலேயே ஒருங்குறியில் எழுதலாம். விரல் பழக்கம் வீண்போகாது.

மாணவர்களே, ஆசிரியர் தரும் தாள் கைப்பேசியில் கிறுக்கலாகத் தெரிந்தால் அழித்துவிடாமல் அவரிடம் சொல்லுங்கள். ஆசிரியர்களே, இந்த வாரம் ஒரே ஒரு தாளை மாற்றிப் பாருங்கள். பல ஆண்டு உழைப்பு அந்தக் கிறுக்கலுக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது.