வளைவை அளக்கும் படம், வலியை அளக்காது

முதுகுவலிக்கு எக்ஸ்ரே எடுப்பதைக் குறைக்கச் சொல்பவர்கள் கதிர்வீச்சைக் கண்டு வீணாக அஞ்சுகிறார்கள் என்ற வாதம், முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சிகிச்சை தரும் வட அமெரிக்கக் கைரோபிராக்டர்களில் ஒரு சாராரிடம் வலுத்துவருகிறது. பால் ஓக்லியும் டீட் ஹாரிசனும் 2020-இல் ‘டோஸ்-ரெஸ்பான்ஸ்’ ஆய்விதழில் எழுதிய கட்டுரையில் அதன் முழு வடிவத்தைப் பார்க்கலாம். எக்ஸ்ரேயில் வரும் சிறு அளவுக் கதிர்வீச்சால் தீங்கில்லை, நோயாளியின் தயக்கத்தைத்தான் போக்க வேண்டும் என்கிறார்கள். முதுகெலும்பின் வளைவைப் படத்தில் அளந்து, அதைச் ‘சரியான’ வளைவுக்குக் கொண்டுவர முயலும் சிகிச்சைமுறையைச் சேர்ந்தவர்கள் இவர்கள். கதிர்வீச்சைப் பற்றிய கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதில் பொருத்தமாகவே இருக்கலாம். ஆனால் கேட்கப்பட வேண்டிய கேள்வி அது அல்ல.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இடுப்புப் பகுதி எக்ஸ்ரேயில் சுமார் 1.5 மில்லி சீவர்ட் கதிர்வீச்சு உடலில் சேர்கிறது. இயற்கையாகவே ஓர் ஆண்டில் நம்மேல் படுவது உலகச் சராசரியில் 2.4 மில்லி சீவர்ட். ஒரே ஒரு படத்தால் தனிமனிதருக்கு வரும் ஆபத்து மிகச் சிறியது. விபத்தில் அடிபட்டவர், முன்பு புற்றுநோய் வந்தவர், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர், காய்ச்சலோடும் காரணமற்ற எடைக்குறைவோடும் வலி வந்தவர் ஆகியோருக்குப் படம் தேவைப்படலாம். முதுகெலும்பைக் கையால் அழுத்தித் தரும் சிகிச்சையும் வெறும் ஏமாற்று அல்ல. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டுதல், இடுப்புவலிக்கு மருந்தில்லாமல் செய்யக்கூடியவற்றில் அதையும் சேர்த்திருக்கிறது. தேவையில்லாமல் ஸ்கேன் எழுதித்தரும் அலோபதி மருத்துவர்களும் ஏராளம்.

என் மறுப்பு, எந்த அபாய அறிகுறியும் இல்லாதவருக்கு முதல் நாளே வழக்கமாக எடுக்கப்படும் படத்தின் மீது. அந்தப் படம் நோயைக் கண்டுபிடிப்பதில்லை. சிகிச்சைக்குத் தேவையான ஒரு நோயை அது உண்டாக்கித் தருகிறது.

இந்தப் பழக்கத்தின் வேர் பழையது. டேனியல் டேவிட் பால்மர் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் 1895-இல் கைரோபிராக்டிக்கைத் தொடங்கினார். அதே ஆண்டின் இறுதியில்தான் ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். முள்ளெலும்பு இடம் பிசகுவதே நோய்களுக்கு மூலம் என்றார் தந்தை பால்மர். மகன் பார்ட்லெட் ஜோஷுவா பால்மர் 1910-ஐ ஒட்டித் தம் கைரோபிராக்டிக் பள்ளிக்கு எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவந்தார். பிசகை நம்பச் சொன்ன தொழிலுக்குப் பிசகைக் காட்ட ஒரு கருவி கிடைத்தது. அமெரிக்க அரசும் இதற்குத் துணைபோனது. மூத்தோருக்கான மெடிகேர் காப்பீட்டில் கைரோபிராக்டிக்கைச் சேர்த்த 1972-ஆம் ஆண்டுச் சட்டம், பிசகை எக்ஸ்ரேயில் காட்டினால்தான் பணம் என்றது. 2000-ஆம் ஆண்டு பிறக்கும் வரை அந்த நிபந்தனை நீடித்தது. ஒரு தலைமுறைக் கைரோபிராக்டர்கள் படம் எடுப்பதையே தொழிலின் முதல் படியாகப் பழகிவிட்டார்கள். பிரிட்டனின் பொதுக் கைரோபிராக்டிக் மன்றமோ, இந்தப் பிசகுக் கொள்கை வரலாற்றுக் கருத்து மட்டுமே, அது நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை என்று 2010-இல் அறிவித்துவிட்டது. கொள்கை போன பிறகும் படம் நிற்கிறது.

படத்தில் தெரிவது என்ன? தேய்மானம், டிஸ்க் இடைவெளி குறைதல், வளைவில் சிறு மாற்றம். இவை வலியில்லாதவர்களிடமும் இருக்கின்றன. முதுகுவலியே இல்லாத 3110 பேரின் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளை பிரிஞ்சிக்ஜியும் அவர் குழுவினரும் 2015-இல் தொகுத்தார்கள். இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கே டிஸ்க் தேய்மானம் இருந்தது. எண்பது வயதினரில் அது 96 சதவீதம். நரையும் திரையும் வெளியே தெரிவதுபோல இது உள்ளே தெரிகிறது, அவ்வளவுதான். வளைவின் கதையும் இதுவே. எக்ஸ்ரே எடுக்கும்போது தாடையைச் சற்றுத் தாழ்த்தினாலே கழுத்தின் வளைவு மாறிவிடும். அப்படி மாறுகிற ஒன்றை டிகிரிக் கணக்கில் அளந்து, சில மாதம் கழித்து மறுபடம் எடுத்து, முன்னேற்றம் என்று காட்டுவதை அறிவியல் என்று என்னால் ஏற்க முடியாது.

இப்போது நோயாளியின் பக்கம் வருவோம். முதுகு பிடித்துக்கொண்டது என்று வந்தவர், இரண்டொரு வாரத்தில் தானே தேறியிருக்கக்கூடியவர். வெளிச்சப் பலகையில் அவருடைய எலும்பின் மீது கோடுகள் போடப்படுகின்றன. இங்கே தேய்ந்திருக்கிறது, இங்கே வளைவு போய்விட்டது, இப்படியே விட்டால் மோசமாகும் என்று விளக்கப்படுகிறது. வலியோடு உள்ளே வந்தவர் பழுதுபட்ட முதுகோடு வெளியே போகிறார். குனியப் பயம், குழந்தையைத் தூக்கப் பயம். இடுப்புவலிக்கு உடலை இயங்கவிடுவதே நல்லது என்று வழிகாட்டுதல்கள் சொல்ல, அந்தப் படம் அசையாதே என்கிறது. மாதக்கணக்கில் நீளும் சிகிச்சைத் திட்டத்துக்குக் கையெழுத்து வாங்க இதைவிடச் சிறந்த சாதனம் கிடையாது.

இது என் ஊகம் அல்ல. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலும் சுற்றுவட்டாரத்திலும், ஆறு வாரமாவது இடுப்புவலி நீடித்த 421 பேரை கெண்ட்ரிக்கும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். எக்ஸ்ரே எடுக்கப்படாதவர்களைவிட எடுக்கப்பட்டவர்களில் அதிகம் பேருக்கு மூன்று மாதத்துக்குப் பிறகும் வலி இருந்தது. ஒன்பதாம் மாதத்தில் தங்கள் சிகிச்சையில் அதிகத் திருப்தி கொண்டவர்களும் அவர்களே. நோயாளிகள் கேட்கிறார்கள், எடுத்தால் நிம்மதியடைகிறார்கள் என்று சொல்பவர்கள் இந்த முடிவின் முன் நின்று பேச வேண்டும். திருப்தி கூடியது, உடல்நலம் கூடவில்லை. உடனடிப் படத்தால் பயன் உண்டா என்று பார்த்த ஆறு ஆய்வுகளை, 1804 நோயாளிகளோடு, ரோஜர் சௌவும் குழுவினரும் 2009-இல் ‘லான்செட்’டில் தொகுத்தபோதும் வலியிலோ இயக்கத்திலோ பயன் எதுவும் தென்படவில்லை.

தொழிலுக்கு உள்ளேயே இதை உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அபாய அறிகுறி இல்லாத புதிய இடுப்புவலிக்கு முதல் ஆறு வாரம் படம் வேண்டாம் என்று அமெரிக்கக் கைரோபிராக்டிக் சங்கமே 2017-இல் சொன்னது. ஆனால் பரிந்துரைக்குக் கட்டாயம் இல்லை, விரும்பாதவர் ஒதுக்கிவிடலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கைரோபிராக்டர்களை ஒழுங்குபடுத்திய அமைப்பு 2021-இல் ஒரு படி மேலே போனது. ஆய்வுச் சான்றுகளைத் தொகுக்கச் செய்து, வழக்கமாக எடுக்கும் படங்களுக்கும் மறுபடங்களுக்கும் தடையே விதித்தது. நிபுணரின் சுதந்திரத்தில் கைவைக்கிறார்கள் என்ற எதிர்ப்பு எழுந்தது. பயன் இல்லை என்று தெரிந்த ஒன்றை நோயாளிமேல் செய்துபார்க்கும் சுதந்திரம் எந்த நிபுணருக்கும் கிடையாது.

கனடாவில் வாழும் தமிழர்களில் பலருக்கு வேலையிடக் காப்பீட்டின் வழியாகக் கைரோபிராக்டர் பழக்கமானவர். அவர்களுக்கும் எவருக்கும் நான் சொல்வது இதுதான்: படம் எடுக்கலாம் என்று சொல்பவரிடம், எந்த நோயைச் சந்தேகிக்கிறீர்கள், படத்தில் எது தெரிந்தால் சிகிச்சையை மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். எது தெரிந்தாலும் அதே சிகிச்சைதான் என்றால் அந்தப் படம் உங்களுக்காக எடுக்கப்படவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் விதி மற்ற மாகாணங்களிலும் அமெரிக்க மாநிலங்களிலும் சட்டமாக வேண்டும். கதிர்வீச்சின் அளவு எவ்வளவு குறைவாயிருந்தாலும், ஆரோக்கியமான முதுகைப் பழுதானது என்று நம்பவைப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை.