நிலவறை நெருப்பு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பல வீடுகளின் நிலவறையில் 275 காலன் எரியெண்ணெய்த் தொட்டி நிற்கும். லாரிக்காரர் எண்ணெய் நிரப்பும்போது தொட்டிக்குள்ளிருந்து விசில் சத்தம் வரும். சத்தம் நின்றால் நிரம்பிவிட்டது. அந்த எண்ணெயில்தான் குளிக்கும் வெந்நீரும் காய்கிறது.

வெந்நீர்க் கலத்தின் பர்னர் ரசிக்கத்தக்க இயந்திரம். பம்ப் சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 பவுண்டு அழுத்தத்தில் எண்ணெயைத் தள்ள, நாசிலின் நுண்துளை அதை மூடுபனியாகச் சிதறடிக்கிறது. சுமார் 10,000 வோல்ட் மின்பொறி பற்றவைக்கிறது. எல்லாவற்றையும்விட அருமையானது கேட்மியம் சல்ஃபைடு ஒளியுணரி. சுடரின் வெளிச்சம் சில வினாடிகளுக்குள் தெரியாவிட்டால் பர்னரை அது நிறுத்த வைத்துவிடும்.

அப்போது பர்னரை மறுபடி இயக்கும் ரீசெட் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது பேராபத்து. எரியாத எண்ணெய் எரியறையில் தேங்கி, பற்றும்போது குபீரென்று வெடிக்கும். ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். அதற்கு மேல் மெக்கானிக்தான்.

நல்ல மெக்கானிக்கின் நிதானமே தனி. புதுக் கலம் பொருத்தும்போது, அதில் நீர் நிரம்பிக் காற்று முழுதும் வெளியேறும்வரை பர்னரை இயக்கவே மாட்டார். 210 டிகிரி ஃபாரன்ஹீட்டில் திறக்கும் பாதுகாப்பு வால்வின் குழாயை எங்கும் அடைக்காமல் தரையருகே இறக்குவார். புகைபோக்கியின் இழுவையை அளந்து, புகையில் கரி தெரிகிறதா என்று சோதித்துக் காற்றைத் திருத்துவார். படிக்கட்டின் மேல்முனையில் சிவப்புத் தகடு பதித்த சுவிட்ச் வைப்பார். கோளாறு என்றால் கீழே இறங்காமலே பர்னரை அணைத்துவிடலாம்.