கூண்டும் கூடும்: வெபரின் ஓர் உருவகமும் அதன் மொழிபெயர்ப்பும்

கிறித்தவத்திற்கும் முதலாளித்துவத்திற்கும் இடையேயான உறவை ஆராய்வோர்க்கு மாக்ஸ் வெபரின் ‘புரோட்டஸ்டண்டு அறமும் முதலாளித்துவ மனப்பாங்கும்’ (1904-05) இன்றியமையாத நூலாகும். அதன் வாதத்திலேயே மொழிபெயர்ப்புக்கு ஓரிடம் உண்டு. இறைவனின் அழைப்பு, அன்றாடத் தொழில் என்னும் இரு பொருளையும் ‘பெரூஃப்’ என்ற ஒரே செருமன் சொல்லில் இணைத்தது லூதரின் விவிலிய மொழிபெயர்ப்பே என்பது வெபர் கருத்து. தொழில் இறைப்பணியாயிற்று; பின்வந்த தூய்மைவாதிகளிடம் ஈட்டியதைத் துய்க்காதிருத்தல் அறமாயிற்று; துய்க்காத பொருள் மூலதனமாயிற்று. நுகர்வை மறுத்த சமயமே நுகர்வுலகிற்கு வழிவகுத்தது என்பதே இதிலுள்ள முரண்.

இம்முரணை வெபர் நூலிறுதியில் ஓர் உருவகத்தால் விளக்குகிறார். 17ஆம் நூற்றாண்டுப் போதகர் ரிச்சர்டு பாக்ஸ்டருக்கு உலகப் பொருள்கள் வேண்டும்போது களையத்தக்க மெல்லிய மேலாடை. அம்மேலாடை ‘ஷ்டால்ஹார்ட்டெஸ் கெஹாய்சே’ ஆகிவிட்டது என்கிறார் வெபர். தால்காட் பார்சன்சின் ஆங்கில மொழிபெயர்ப்பு (1930) இத்தொடரை ‘இரும்புக் கூண்டு’ ஆக்கியது. கிருட்டிணப்பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிக’த்திற்கு மூலமான பன்யனின் நூலில் இரும்புக் கூண்டில் அடைபட்ட ஒருவன் வருகிறான், பார்சன்சு அதை நினைந்திருக்கலாம் என்பாரும் உளர்.

தொடர் புகழ்பெற்றது, பொருள் திரிந்தது. ‘கெஹாய்சே’ என்பது கடிகாரத்தின் உறை, நத்தையின் ஓடு போன்றவற்றைக் குறிக்கும். கூண்டுக்குச் செருமன் மொழியில் ‘கேஃபிக்’ என்ற தனிச்சொல் இருந்தும் வெபர் அதனை ஆளவில்லை. மேலாடையும் ஓடும் உடலைப் போர்த்துவன, கூண்டு அத்தகையதன்று. கூண்டிலிருப்பவன் தன்னைக் கைதியென அறிவான். கம்பிகளுக்கு அப்பால் வெளியையும் காண்பான். நத்தைக்கோ ஓடு உடலின் பகுதி. மேலை நாடுகளில் கிறித்துவின் பிறப்புவிழா ஆண்டின் பெரும் வணிகப் பருவமாகியுள்ளது. அங்குப் பொருள் வாங்குவோர் தம்மைச் சிறைப்பட்டோராக உணர்வதில்லை. வாங்கிய பொருளாலேயே தம்மை அடையாளம் காண்கின்றனர். நுகர்வின் இவ்வியல்பைக் கூண்டு என்னும் சொல் மறைத்துவிடுகிறது. 2002இல் வெளிவந்த இரு புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகளும், அதாவது கால்பர்க்குடையதும் பேயர்-வெல்சுடையதும், கூண்டைக் கைவிட்டு முறையே உறை, ஓடு என்னும் பொருளுக்குத் திரும்பின.

ஆங்கிலம் வழியாகத் தமிழாக்குவோர் ‘இரும்புக் கூண்டு’ என்றே எழுத நேரும். மூலத்தை நோக்கின் ‘எஃகுக் கூடு’ என்பதே பொருந்தும். பறவையின் இருப்பிடம், புழு தானே நூற்றுத் தன்னைச் சுற்றிக் கட்டுவது, உயிர் தங்கும் உடம்பு ஆகிய மூன்றையும் ‘கூடு’ உணர்த்தும். எனினும் தமிழ்ச் சமய மரபில் கூடு உயிர் எளிதில் விட்டுநீங்குவது. ஆதலின் ‘எஃகு’ என்னும் அடை இங்கு அணிக்காக அன்று. களைய இயலாமையை உணர்த்துவது அதுவே.