1907-இல் ஓடும் இரயில்

கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி நம் பங்குகளில் நடைபெறும் குடில் போட்டியைப் பார்வையிடச் செல்லும்போது ஒரு காட்சி நம்மைப் புன்னகைக்க வைப்பதுண்டு. வைக்கோல் பரப்பிய தொழுவம், களிமண் இடையர்கள், கண்ணாடித் துண்டால் ஆன குளம், கேழ்வரகு முளைவிட்ட வயல்; இவற்றின் நடுவே பெத்லகேம் மலையைச் சுற்றிச் சுற்றி ஒரு பொம்மை இரயில்! ஏரோது அரசன் காலத்தில் இரயில் ஏது என்று நடுவர்களில் ஒருவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். குழந்தைகளோ அந்த இரயிலின் முன்புதான் நெடுநேரம் நிற்பார்கள்.

இச்சிறு பிணக்கினுள் பெரியதொரு வினா அடங்கியிருக்கிறது. கடந்துபோன ஒரு காலத்தைச் சிறிய உருவில் நாம் கட்டியெழுப்பும்போது எதற்கு உண்மையாயிருக்கக் கடமைப்பட்டுள்ளோம்? அந்தக் காலத்திற்கா, அன்றி நம் ஆசைக்கா? இவ்வினாவைத் தம் வாழ்நாளின் பெரும்பகுதி கைவேலையாகவே எதிர்கொண்ட ஒருவரின் படைப்பை இங்கு மதிப்பிட விழைகிறோம். அவர் பீட்டர் டென்னி, இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபைக் குரு. அவரது படைப்பு 'பக்கிங்ஹாம் கிளை' என்னும் சிற்றுரு இரயில்தடம். அதனை நாம் நேரில் கண்டதில்லை. அவர் எழுதிய நூல்கள் வழியாகவும் ஒளிப்படங்கள் வழியாகவுமே அறிந்திருக்கிறோம். எனினும், ஒரு குரு தம் ஓய்வு நேரத்தை எவ்வாறு செலவிட்டார் என்ற ஆர்வத்தில் தொடங்கிய வாசிப்பு, நினைவு என்பது யாது என்ற சிந்தனையில் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியது.

இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற காலத்தில் இத்தடம் அவர் கைகளில் உருப்பெறத் தொடங்கியது. பல்லாண்டுகள் திருத்தியும் விரித்தும் வளர்க்கப்பட்டது. இதன் அடிப்படை ஒரு கற்பனை. கிரேட் சென்ட்ரல் என்னும் இரயில் கம்பெனி இலண்டன் வரை நீட்டிய பெருந்தடம் 1899-இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. அத்தடம் பக்கிங்ஹாம் நகரைத் தொடாமல், சில மைல் தொலைவில் அதனைக் கடந்து சென்றது. அங்கிருந்து நகருக்கு ஒரு கிளை பிரிந்திருந்தால் எப்படியிருக்கும் என்று டென்னி எண்ணினார். இல்லாத கிளையொன்றைக் கட்டினார். ஆனால் அதற்கு இருந்ததோர் ஆண்டைக் கொடுத்தார். அவரது தடத்தில் ஆண்டு 1907.

இடம் கற்பனை, காலமோ கறாரானது. இந்த இணைப்பில்தான் இப்படைப்பின் முதற்சிறப்பு உள்ளது. 'அந்தக் காலம்' என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வோர்க்கு எதையும் எதனோடும் சேர்த்துவிடும் உரிமை கிடைத்துவிடுகிறது. ஓர் ஆண்டைக் குறித்துவிட்டவர்க்கோ அவ்வுரிமை இல்லை. அக்கம்பெனியின் பெட்டிகள் ஒரு காலத்தில் சாம்பலும் பழுப்புமாயிருந்தன. பின்னர் வெண்மஞ்சளும் பழுப்புமாயின. அதன்பின் மெருகிட்ட தேக்கு நிறம் பெற்றன. சில ஆண்டுகள் முன்பின்னானாலும் வண்ணமே பொய்யாகிவிடும். ஆண்டைத் தேர்ந்தவர் அந்த ஆண்டின் மாணவராகிவிடுகிறார்; விரும்பியதை மட்டும் அன்று, இருந்ததைக் கேட்டறிய வேண்டியவராகிறார்.

அளவிலும் இதே நேர்மையைக் காண்கிறோம். ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்பது அவர் கொண்ட அளவு. ஆறடி மனிதர் அங்கே 24 மில்லிமீட்டர் உயரமே இருப்பார். இவ்வளவின்படி 4 அடி 8½ அங்குல அகலமுள்ள இருப்புப்பாதை ஏறத்தாழ 18.8 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். ஆனால் கடைகளில் பரவலாக விற்கப்பட்ட தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர்தான். என்ஜின் ஓரளவிலும் பாதை வேறளவிலும் அமைந்த அந்த முரணைப் பலர் பொருட்படுத்தவில்லை. டென்னி 18 மில்லிமீட்டர் பாதையைத் தேர்ந்தார். அதன் விளைவாகத் தடத்தையும் என்ஜின்களையும் பெட்டிகளையும் பெரும்பாலும் தாமே செய்யவேண்டியதாயிற்று. இதுவும் முழுமையான உண்மை அன்று. உண்மையை நோக்கி எடுத்துவைத்த ஓர் அடி. மேலும், இவ்வளவில் ஒரு மைல் என்பதே 21 மீட்டர் நீளம் பிடிக்கும். எந்த வீட்டில் பத்து மைல் தடத்தை விரிக்க இயலும்? எனவே தொலைவைச் சுருக்கியே ஆகவேண்டும். எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கலாகாது என்று பகுத்தறிவதில்தான் கலைஞர் வெளிப்படுகிறார்.

இப்படைப்பின் தன்மையை இன்னும் தெளிவாக உணர அதன் சமகாலப் படைப்பொன்றை அருகில் வைத்துப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் இளைஞராக இங்கிலாந்து வந்த ராய் இங்கிலாந்து என்பவர், 'வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு' எனும் பகுதியின் கிராமங்களைக் கண்டு மனம் பறிகொடுத்தார். கூரை வேய்ந்த பழைய வீடுகள் தம் கண்முன்னே உருமாறுவதைக் கண்டு வருந்தினார். அவை மறையுமுன் சிற்றுருவில் பதிந்துவைக்க உறுதிபூண்டார். அவ்வுறுதியிலிருந்து 1954-இல் லாங் விட்டன்ஹாம் என்னும் ஊரில் பெண்டன் அருங்காட்சியகம் பிறந்தது. அங்கும் அளவு ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டரே. காலம் 1920-களும் 1930-களும். உண்மையான வீடுகளை ஒவ்வொன்றாக அளந்து, அவற்றின் செங்கல்லையும் தோட்டத்தையும் கூடத் தவறவிடாமல் அமைத்தார்கள். ஒருவர் தொடங்கிய பணியைத் தன்னார்வலர் பலர் தொடர்ந்தனர்.

பெண்டனைப் படங்களில் காணும்போது நம் உள்ளத்தில் எழுவது வியப்பு கலந்த துயரம். அது ஓர் இரங்கற்பா. பக்கிங்ஹாம் அப்படியன்று. அழகில் அது பெண்டனுக்கு நிகராகாது என்று ஒருவர் கூறினால் நாம் மறுக்கமாட்டோம். ஆனால் பெண்டன் பார்ப்பதற்காக அமைந்தது. பக்கிங்ஹாமோ பணியாற்றுவதற்காக அமைந்தது. அங்கே கால அட்டவணை உண்டு. பால் வண்டிக்கு ஒரு நேரம், சரக்கு வண்டிக்கு ஒரு நேரம், பயணிகள் வண்டிக்கு ஒரு நேரம். வந்த என்ஜினைத் திருப்ப வேண்டும், பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்க வேண்டும், அடுத்த நிலையத்தின் அனுமதியைக் கேட்க வேண்டும். ஒன்று நினைவைப் பாதுகாக்கிறது. மற்றொன்று நினைவை நிகழ்த்துகிறது. இவ்வேறுபாடு நமக்குப் புதியதன்று. ஆண்டவர் தம் இறுதி இரவில் நம்மிடம் ஒப்படைத்த நினைவு, பேழையில் வைத்துப் பார்க்கும் நினைவன்று. கூடிவந்து செய்யும் நினைவு.

எனினும் திறனாய்வின் கடமை புகழ்வதோடு முடிந்துவிடுவதில்லை. டென்னியின் 1907-இல் எவரும் களைப்படைவதில்லை. வரலாற்றின் 1907 அவ்வாறு இருக்கவில்லை. அக்காலத்து பிரித்தானிய இரயில்வேயில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பணியாளர்கள் வேலையில் உயிரிழந்தனர். அவ்விபத்துகளைத் தடுப்பதற்கென்றே 1900-இல் ஒரு சட்டம் இயற்றவேண்டியிருந்தது. அதே 1907-ஆம் ஆண்டில்தான் நீண்ட பணிநேரத்தையும் குறைந்த கூலியையும் எதிர்த்தும், தங்கள் சங்கத்தை ஏற்க மறுத்த கம்பெனிகளை எதிர்த்தும், இரயில் தொழிலாளர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தின் விளிம்புவரை சென்றனர். அமைச்சராயிருந்த லாயிட் ஜார்ஜ் தலையிட்டு, இணக்கக் குழுக்களை அமைக்கச் செய்து அதனைத் தவிர்த்தார். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1891-இல், திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளரின் நிலை குறித்துத் தம் சுற்றுமடலில் பேசிவிட்டார். 24 மில்லிமீட்டர் உயரமுள்ள சுமைதூக்குபவர் நடைமேடையில் புன்னகையோடு நிற்கிறார். அவர் வீட்டுக்கு என்ன எடுத்துச் செல்கிறார் என்று நம்மால் கேட்க முடியாது.

இது டென்னி ஒருவருடைய குறையன்று. சிற்றுருக் கலை முழுவதையும் தொடரும் சோதனை. உருவத்தைச் சிறிதாக்கும்போது துன்பமும் சிறிதாகிக் கண்ணுக்குப் புலப்படாமல் போய்விடுகிறது. பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் எகிப்தை நினைத்து அழுதபோது வெள்ளரியும் வெங்காயமும் பூண்டும் அவர்கள் நினைவுக்கு வந்தன. செங்கல் சூளை வரவில்லை என்பதை எண்ணிக்கை நூலில் வாசிக்கிறோம். நம் பங்கு மக்களும் பழைய நாள்களின் திருவிழாவையும் தேரையும் கண்ணீர் மல்க நினைவுகூர்கிறார்கள். அத்தேரைத் தொட அனுமதிக்கப்படாதவர் யார் என்பதை எத்தனை பேர் நினைவுகூர்கிறோம்?

அப்படியானால் பக்கிங்ஹாம் தடம் இனியதொரு பொய்தானா? அல்ல என்பதே நம் முடிவு. அதற்குக் காரணம் அத்தடத்தில் ஒலிக்கும் மணி.

ஒரு நிலையத்துக் கைகாட்டி அறையிலிருந்து அடுத்த அறைக்கு வண்டியை அனுப்பும் முறை இது. முதலில் ஒரு முறை மணி ஒலிக்கும்: கவனிக்கிறீரா? மறுமுனையிலிருந்து ஒரு முறை பதில் வரும். பின்னர் வண்டி எத்தகையது என்பதற்கேற்ற எண்ணிக்கையில் மணி. விரைவு வண்டியாயின் நான்கு முறை. தடம் வெறுமையாயிருந்தால் மட்டுமே மறுமுனையில் உள்ளவர் அதே நான்கையும் திருப்பி ஒலிப்பார். வண்டி பகுதிக்குள் நுழையும்போது இரண்டு முறை. அது முழுதும் வந்து சேர்ந்ததும் மறுமுனையிலிருந்து இரண்டும், சற்று இடைவிட்டு ஒன்றும். இம்மணிகள் முடிவுறாமல் அடுத்த வண்டி நகரலாகாது. திருவழிபாட்டில் குருவின் முன்மொழியும் மக்களின் பதிலுரையும் போன்றதே இது. பதில் வராதவரை எவ்வளவு ஆற்றலுள்ள என்ஜினும் நின்றே ஆகவேண்டும்.

டென்னி இம்மணி முறையைத் தம் தடத்தில் கைக்கொண்டார். தாம் படைத்த உலகில் தாமே கடவுளாய் இருந்து, நினைத்தபோது நினைத்த வண்டியை ஓட்டியிருக்கலாம். அவரோ அவ்வுலகினுள் ஒரு பணியாளராக இறங்கி, அடுத்தவரின் பதிலுக்குக் காத்திருந்தார். 1907-இன் உழைப்பாளிகளின் பசியை அவர் காட்டவில்லை. ஆனால் அவர்கள் உழைப்பின் ஒழுங்கை, ஒருவர் உயிர் மற்றவர் கவனத்தில் தங்கியிருந்த அந்தப் பொறுப்பை, தம் கைகளில் ஏற்றுக்கொண்டார். அந்த அளவில் அவர் அவர்களை வேடிக்கை பார்க்கவில்லை, அவர்களோடு நின்றார்.

இப்படைப்பின் வரலாற்றில் நம்மை மிகவும் தொட்ட நிகழ்வொன்று உண்டு. தடத்தை இயக்குவதில் துணைநின்ற மகன் வளர்ந்து வீட்டைவிட்டுச் சென்றார். மறுமுனையில் மணிக்குப் பதிலளிக்க ஆள் இல்லை. டென்னி ஒரு பொறியை உருவாக்கினார். மகனின் இடத்திலிருந்து மணிக்குப் பதில் தர அதனைப் பழக்கினார். அதற்கு மகனின் பெயரையே சூட்டி, முன்னால் 'தானியங்கி' என்று சேர்த்துக்கொண்டார். படிக்கையில் முதலில் சிரித்தோம். பின்பு நூலை மூடிவைத்துச் சற்றுநேரம் அமர்ந்திருந்தோம். பொறி தவறாமல் பதில் சொல்லியிருக்கும்; ஆனால் பதில் சொன்னவர் என்று அங்கே எவரும் இல்லை. அந்தப் பெயரிடுதலில் நகைச்சுவை இருக்கிறது. தந்தையின் தனிமையும் இருக்கிறது. கடந்த காலத்தைத் தனியொருவராய் வைத்திருக்க முடியாது என்பதற்கு இதனினும் நேர்மையான ஒப்புதல் வேண்டுமோ?

வரலாற்றில் இருந்த அந்தப் பெருந்தடத்தின் பெரும்பகுதி 1966-இல் மூடப்பட்டது. இல்லாதிருந்த கிளையோ தொடர்ந்து ஓடியது. டென்னியின் மறைவுக்குப் பின்னும் அது குப்பைக்குப் போகவில்லை; அதன் அருமை அறிந்தவரின் கைக்குச் சென்று, அங்கே மீண்டும் மணி ஒலித்தது. தம் பிள்ளைகள் பழைய பக்தியை மறந்தார்களே என்று வருந்தும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். நாம் காத்துவைத்தவை வாழ்வது நாம் அவற்றை எவ்வளவு பத்திரமாகப் பூட்டினோம் என்பதால் அன்று. மறுமுனையில் நின்று பதில் சொல்ல ஒருவரைப் பழக்கினோமா என்பதால்தான்.

இனிவரும் குடில் போட்டியில் பெத்லகேமைச் சுற்றும் அந்த இரயிலுக்காக மதிப்பெண்ணைக் குறைக்கும்படி நாம் சொல்லமாட்டோம். அதைச் செய்த சிறுவனை அருகில் அழைத்து ஒன்று மட்டும் கேட்போம்: "தம்பி, இந்த வண்டியை ஓட்ட உன்னோடு யார் இருக்கிறார்கள்?"