ஒரே விசா, இரண்டு வரிசைகள்

தெற்காசிய ஆய்வுகளுக்கான ஐரோப்பிய மாநாடு 2004இல் சுவீடனின் லுண்டில் கூடியது. கணினி மொழியியலாளர்களின் ஏ.சி.எல். மாநாடு 2010இல் உப்சாலாவில் நடந்தது. பேச்சுத் தொழில்நுட்ப ஆய்வாளர்களின் இன்டர்ஸ்பீச் 2017இலும், இயந்திரக் கற்றலுக்கான ஐ.சி.எம்.எல். 2018இலும் ஸ்டாக்ஹோமுக்கு வந்தன. இத்தகைய மாநாடுகளுக்குப் பெங்களூரின் ஆய்வுக்கூடங்களிலிருந்தும் கட்டுரை போகிறது. இலங்கையின் மொறட்டுவை, யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் போகிறது. கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி இருவருக்கும் ஒரே நாளில் வரும். அதன் பிறகு செய்ய வேண்டியவற்றில் இருவர் பாடும் ஒன்றல்ல.

விதி மட்டும் இருவருக்கும் பொது. சுவீடன், டென்மார்க், நார்வே மூன்றும் 2001 மார்ச்சிலிருந்து ஷெங்கன் ஏற்பாட்டில் உள்ளன. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் ஏற்க மாட்டார்கள். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சிக்கலானால் 45 நாள்வரை ஆகும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். 2024 ஜூனில் கட்டணம் 80 யூரோவிலிருந்து 90 ஆனது. கட்டுரை ஏற்கப்படுவதற்கும் மாநாட்டுக்கும் இடையே பெரும்பாலும் இரண்டு மூன்று மாதமே இருக்கும். அதற்குள் பணம், விடுப்பு, விசா மூன்றும் கைகூட வேண்டும்.

பெங்களூர்க்காரருக்கு விசா விண்ணப்ப மையம் நகருக்குள்ளேயே இருக்கிறது. கைரேகை கொடுத்துவிட்டு மதியத்துக்குள் ஆய்வுக்கூடம் திரும்பிவிடலாம். அவருடைய தொல்லை கூட்டம். ஏப்ரல் முதல் ஜூன் வரை ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகும் குடும்பங்கள் முன்பதிவு நாட்களை அள்ளிக்கொண்டு போய்விடும், மாநாடுகளும் கோடையில்தான். எனவே கட்டுரை ஏற்கப்பட்ட அன்றே அழைப்புக் கடிதம் கேட்டு எழுதுவதும், அது வரும் முன்பே முன்பதிவுக்கு நாள் பிடிப்பதும் இங்கு பழக்கமாகிவிட்டது.

யாழ்ப்பாணத்து விரிவுரையாளருக்குக் கைரேகை என்றாலே கொழும்புப் பயணம். ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ போய், பகலில் காரியத்தை முடித்து, மறுபடி இரவுப் பயணம். பேராதனைக்காரருக்கு இதில் பாதித் தூரம்கூட இல்லை. கொழும்பிலிருந்த நார்வே தூதரகமும் 2023இல் மூடப்பட்டது. இலங்கைக்கான பொறுப்பு புதுடெல்லித் தூதரகத்திடம் போயிற்று. காகிதத்தில் ஒரு குறை இருந்தால் நேரில் போய் விளக்குவதற்கு ஊரில் வாசல் இல்லை. அதனால் அங்குள்ளவர்கள் கோப்பைத் தடிமனாகவே தயாரிக்கிறார்கள்: பீடாதிபதியின் கடிதம், விடுமுறை அனுமதி, வங்கிக் கணக்கு விவரம், சிலர் காணி உறுதிவரை.

பணம் வரும் வழியும் வேறு. இந்தியாவில் தனி ஆய்வாளர் போட்டியிட்டுப் பெறக்கூடிய பயண நிதிகள் பல உண்டு. அறிவியலுக்கு எஸ்.இ.ஆர்.பி. என்ற மத்திய அரசு வாரியம் நடத்திவந்த பன்னாட்டுப் பயண உதவித் திட்டம் இப்போது அதன் இடத்துக்கு வந்த ஏ.என்.ஆர்.எஃப். கீழ் இருக்கிறது; சமூக அறிவியலுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். என்ற ஆய்வு மன்றம் இருக்கிறது. நிபந்தனைகளுக்கும் குறைவில்லை. மத்திய அரசுச் செலவில் விமானச் சீட்டு எடுப்பவர் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. மூன்றில் ஒன்றின் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்பது 2022இன் உத்தரவு. பல இடங்களில் முதலில் கைக்காசு, ஊர் திரும்பி ரசீது கொடுத்த பிறகே பணம். உதவித்தொகையில் வாழும் ஆராய்ச்சி மாணவர் கடன் வாங்கித்தான் மாநாட்டுக்குப் போகிறார்.

இலங்கையில் தனியாள் நிதி மெலிது. கூட்டுத் திட்டங்களே கைகொடுக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் பெர்கனிலுள்ள மேற்கு நார்வே பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூய ஆற்றல் ஆய்வில் உள்ள உறவு நார்வேயின் நோர்பார்ட் நிதியால் வளர்ந்தது. உலக வங்கிக் கடனில் நடந்த அஹெட் உயர்கல்வித் திட்டமும் பல விரிவுரையாளர்களை வெளிநாடு அனுப்பியது. திட்டத்துக்குள் இருப்பவருக்குச் சீட்டும் தங்குமிடமும் அமைந்துவிடும். வெளியே இருப்பவருக்கு, விலக்கு கிடைக்காவிட்டால், விசாக் கட்டணமே பாரம்: இந்திய ரூபாயில் சுமார் 9,000 ஆகும் அந்த 90 யூரோ, 2022 நெருக்கடியில் சரிந்த இலங்கை ரூபாயில் 30,000ஐ ஒட்டி நிற்கிறது.

உறவுகள் விஷயத்தில் தராசு இலங்கைப் பக்கம் சாய்வதுபோலத் தோன்றும். 1956இல் நார்வே போன குருநகர் அந்தோனி இராஜேந்திரம் தொடங்கி, 1983 கலவரத்துக்குப் பின் போனவர்கள்வரை, ஓஸ்லோவிலும் பெர்கனிலும் டென்மார்க்கின் சிற்றூர்களிலும் ஈழத்தமிழர் வேரூன்றியிருக்கிறார்கள். மாமா வீட்டில் தங்கினால் ஹோட்டல் செலவு மிச்சம். ஆனால் திரும்பி வருவாரா என்ற கேள்வியை எடைபோடும் அதிகாரிக்கு அதே மாமா வீடு ஒரு சந்தேகம். பெங்களூர்க்காரருக்குக் காலம் சாதகமாகத் திரும்பியிருக்கிறது. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியாவில் வாழும் இந்தியர்களுக்கென விதியைத் தளர்த்தியது: மூன்றாண்டுக்குள் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவருக்கு இரண்டாண்டு விசா, அதைத் தொடர்ந்து ஐந்தாண்டு விசா. இந்தச் சலுகை இலங்கையருக்கு இல்லை.

போய்ச் சேரும் இடத்தில் இருவருக்கும் கணக்கு ஒன்றுதான். மூன்று நாடுகளிலும் யூரோ புழங்குவதில்லை. தனித்தனிக் குரோனர்கள், பெரும்பாலும் கார்டுதான். லுண்ட் போகிறவருக்கு வசதியான விமான நிலையம் கோபன்ஹேகன். அங்கிருந்து 2000இல் திறந்த ஓரசுண்ட் பாலம் வழியே ரயில் போகிறது. ஆனால் விசா கேட்க வேண்டியது டென்மார்க்கிடம் அல்ல, அதிக நாள் தங்கும் சுவீடனிடம். இதை மாற்றிச் செய்தால் முதல் கட்டத்திலேயே விண்ணப்பம் நின்றுவிடும்.

இரு ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால், இலங்கை ஆய்வாளர் சுமப்பதே கூடுதல். பெங்களூர்க்காரர் இழப்பது நாட்களை. இலங்கையர் பல நேரம் வாய்ப்பையே இழக்கிறார். இரண்டுக்கும் மருந்து நிறுவனங்களிடம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் மாணவருக்குப் பணத்தை முன்பணமாகத் தர வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் திட்டங்களுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் ஒரு சிறு பயண நிதியை ஒதுக்க வேண்டும். மாநாட்டை நடத்துவோர் கட்டுரையை ஏற்கும் கடிதத்துடனேயே விசாவுக்கான அழைப்புக் கடிதத்தையும் அனுப்ப வேண்டும். அதற்கு அவர்களுக்கு ஒரு காசும் செலவில்லை.